அட்டைக்கு ஒரு முகம்

கோலாலம்பூரிலிருந்து ரொஸ்மான் அனுப்பிய குறிப்பு இவ்வளவுதான்:
பெண். வெள்ளை உடை. செம்பனைக்காடு. நிலா.
மேலே தலைப்புக்கு நான்கு விரல் இடம்.
திங்கட்கிழமைக்குள்.
முன்னூற்று ஐம்பது வெள்ளி, அச்சேறிய பிறகு.

அச்சேறிய பிறகு என்றால்
போன வருடத்துப் பொந்தியானாக்குக்கு
இன்னும் பணம் வரவில்லை என்று அர்த்தம்.

நிலா என்னிடம் நிறைய இருக்கிறது,
வளர்பிறை தேய்பிறை என்று பிரித்து, ஒரு கோப்பு முழுக்க.
காடு சன்னலுக்கு வெளியே.
செம்பனையின் அடிமரத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை,
வெட்டிய மட்டைகளின் முண்டு செதில் செதிலாக ஏறும்.
அதை அப்படியே எடுத்து
ஒரேகானில் ஒருவருக்கு டிராகன் தோல் செய்து கொடுத்தேன்.
எந்த அருங்காட்சியகத்தில் பார்த்தாய் என்று கேட்டார்.
பத்தாங் பெர்ஜுந்தை, என்றேன்.
ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும், என்றார்.

இல்லாதது பெண்தான்.
என்னையே வரைந்து வரைந்து அலுத்துவிட்டது:
நான்கு சூனியக்காரிகள், காது நீண்ட ஓர் அரசி,
தலையில்லாத மணப்பெண்.
எல்லாருக்கும் என் கை,
கட்டைவிரல் சற்றுக் குட்டை.

கோகிலவாணி பக்கத்து வீடு.
கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு
எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கியவளிடம்
ஒரு வெள்ளை நைட்டியைக் கொடுத்து
பேயா கொஞ்சம் நில்லேன், என்றேன்.
சாப்பிட்டுட்டு நிக்கிறேன், என்றாள்.

காலில் ஜப்பான் சிலிப்பர். பரவாயில்லை,
பேய்க்குக் கால் வரையப்போவதில்லை.
கைப்பேசி வெளிச்சத்தைக் கீழிருந்து பிடித்தேன்.
முடியை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு
அவள் ஒரு கொட்டாவி விட்டாள்,
வாய் அத்தனை அகலமாய்த் திறந்த அந்த நொடியில்
தில்மானின் மோட்டார் வளைவில் திரும்பியது.

நேப்பாளத்துக் காவலாளி. வந்து மூன்று மாதம்.
வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.
தில்மான், தில்மான் என்று கூப்பிட்டோம்.
அது இன்னும் மோசம்,
பெயர் சொல்லிக் கூப்பிடும் பேய்.

ரொஸ்மான் சனிக்கிழமை எழுதினார்:
முகம் அழகு. ஆனால் பயம் வரவில்லை.
களைத்துப்போனவள் மாதிரி இருக்கிறாள்.
பொந்தியானாக் களைப்பதில்லை.

பல் வைக்கப் பத்து நிமிடம்.
கண்ணை வெளுக்க அதைவிடக் குறைவு.
களைப்பை எடுக்க ஞாயிறு முழுவதும் ஆனது.
கண்ணுக்குக் கீழே அழித்தால்
உதட்டோரத்தில் இருந்தது.
உதட்டை இழுத்துவிட்டேன், தோளுக்குப் போனது.
தோளை நிமிர்த்தினால் கழுத்து காட்டிக்கொடுத்தது.
விடியற்காலை நாலரைக்குப்
படத்தில் நின்றவள்
ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதவள்.
எனக்கே வயிற்றைக் கலக்கியது.
ரொஸ்மான் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

அன்று காலையே கோயில் கமிட்டி வந்தது.
பொருளாளர் அம்பிகாபதி கையில் ரசீதுப் புத்தகம்.
காட்டுப் பக்கம் வெள்ளைச் சேலைக்காரி நடமாட்டமாம்,
வெள்ளிக்கிழமை பூஜை, வீட்டுக்கு இருபது வெள்ளி.
சேலை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்த கோகிலா
பிரஷ்ஷோடு தலையாட்டினாள்: வேண்டாம்.

எப்படி இருந்துச்சாம், என்று மட்டும் கேட்டேன்.
தொழில் புத்தி.
வாய் காது வரைக்கும், என்றார்.
கொஞ்சம் யோசித்து,
ஆனா ரொம்ப அசந்துபோயி இருந்துச்சாம்.

ரசீதில் 'பேய் விரட்ட' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கிழித்தார்.
அதை வரிக் கோப்பில்
மின்கட்டணத்துக்கும் பேனா முனைக்கும் பின்னால்
தொழில் செலவு என்று செருகி வைத்திருக்கிறேன்.

கோகிலாவுக்கு ஐம்பது வெள்ளி தர வேண்டும்.
அவளிடமும் சொல்லியிருக்கிறேன்,
அச்சேறிய பிறகு.